கூரையும் கிணறும்: யாழ்ப்பாணத்துத் தீயின் வரலாறு

மன்னர்களுக்கு வரலாறு உண்டு. கோயில்களுக்குத் தலபுராணங்கள் உண்டு. எரிந்துபோன குடிசைக்கு வரலாறு இல்லை. அடுத்த மழைக்கு முன் அதே இடத்தில் மற்றொரு குடிசை எழுந்துவிடும். சாம்பல் தோட்டத்துக்குப் பசளையாகிவிடும். எரிந்தது எது, எரிந்ததற்குக் காரணம் யாது, அணைக்க வந்தவர் யார், வராதவர் யார் என்ற வினாக்களை எவரும் ஏட்டில் எழுதிவைப்பதில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் உண்மையான அமைப்பை அறிய விரும்புவோர், அச்சமுதாயத்தில் தீ எவ்வாறு பிடித்தது, எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதை ஆராய்ந்தாற் போதும். கூரை யாருக்கு ஓலையாக இருந்தது, யாருக்கு ஓடாக இருந்தது? கிணறு யாருடைய வளவில் இருந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும்போது, யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றின் பெரும்பகுதி தானே விளங்கிவிடுகிறது. உடுவிலையும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்துக் கிராமங்களையும் மனத்திற் கொண்டு, இவ்வரலாற்றின் சில பகுதிகளை இங்கு எடுத்துரைக்க முனைகிறோம்.

குளிர்நாடுகளில் மாரிகாலமே தீயின் காலம். அங்கு மனிதர் உயிர் வாழ்வதற்கே வீட்டினுள் நெருப்பு வேண்டும். கணப்பும் அடுப்பும் இரவு முழுவதும் எரிகின்றன. கதவும் சாளரமும் அடைக்கப்பட்டிருக்கின்றன. யப்பானிய நகரமான எடோ, இன்றைய தோக்கியோ, 1657ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், மழையற்ற குளிர்காலத்தின் கடைசியில் வீசிய உலர்காற்றில் மூன்று நாட்கள் எரிந்தது. நகரின் பெரும்பகுதி அழிந்தது. இறந்தோர் ஒரு லட்சம் வரையினர் என்று மரபாகக் கூறப்படுகிறது. மரத்தாலும் கடதாசியாலும் வைக்கோலாலும் ஆன வீடுகள் நெருங்கி நின்றமையும், குளிர்காலத்துக் காற்றும், வீடுதோறும் இருந்த கணப்பும் சேர்ந்து செய்த அழிவு அது.

எமது நாட்டின் நிலைமை வேறு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக் காற்றோடு மழை பொழியும் காலத்தில் எமது கூரைகள் நனைந்து கிடக்கின்றன. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களிலோ ஓலையும் வேலியும் முறுக முறுகக் காய்ந்து நிற்கின்றன. வேலியில் விழுந்த ஒரு பொறி சோளகத்தின் கையிற் கிடைத்தால் ஓர் ஒழுங்கை முழுவதும் எரிந்துவிடும். கிடுகு வேலிகள் வீட்டுக்கு வீடு தொடுத்து நிற்பதால் தீ நடந்து செல்வதற்குப் பாதையும் ஆயத்தமாகவே இருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டையும் சொக்கப்பனையையும் எம் முன்னோர் ஆண்டிலேயே ஈரம் மிகுந்த மாதத்தில் கொண்டாடினர் என்பது சிந்திக்கத்தக்கது. வாசலிற் பந்தம் நட்டு, ஆலய வீதியிற் பனையை எரிக்கும் அவ்விழா சோளக காலத்தில் வந்திருக்குமானால் எத்தனை ஊர்கள் எஞ்சியிருக்கும்? சமயக் காரணம் எதுவாயினும், மக்களின் அனுபவத்துக்கு அது முரணாக அமையவில்லை.

ஆனால் மாரிகாலத்தில் எமக்குத் தீயின் அச்சமே இல்லை என்று கூறிவிட இயலாது. அக்காலத்துத் தீ வெளியிலிருந்து வருவதில்லை, அடுப்படியிலிருந்து வருகிறது. மழை பெய்யும்போது விறகும் பொச்சும் பன்னாடையும் கங்குமட்டையும் நனையாமல் உள்ளே அடுக்கப்படுகின்றன. அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்கப்பட்டவை ஒரு பொறிக்காகக் காத்திருக்கின்றன. பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கும் சிசுவுக்கும் தணல் வைக்கிறார்கள். மாட்டுக்கொட்டிலில் நுளம்புக்குப் புகை மூட்டுகிறார்கள். பொழுது வேளைக்கே சாய்வதால் விளக்கு நெடுநேரம் எரிகிறது. குளிரில் ஒடுங்கிய பிள்ளைகள் அவ்விளக்கைச் சுற்றி நெருங்கியிருந்து படிக்கிறார்கள். நனைந்திருப்பது கூரையின் வெளிப்புறமே; உட்புறம் புகையாலும் சூட்டாலும் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. பனிநாட்டின் கணப்புக்கும் எமது மாரிகாலத்து அடுப்புக்கும் வேற்றுமை அளவிலேயன்றித் தன்மையில் இல்லை.

இவ்வபாயத்தை மக்கள் அறியாதிருக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய குடியிருப்பின் அமைப்பே அதற்குச் சான்று. தலைவாசல், பெருவீடு, அடுக்களை ஆகியன ஒரே கூரையின் கீழ் அமையாமல், முற்றத்தைச் சுற்றித் தனித்தனியாக அமைந்தன. அடுக்களை எரிந்தாலும் நெல்லும் உடைமையும் இருக்கும் பெருவீடு தப்ப வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. முற்றம் நாள்தோறும் கூட்டிப் பெருக்கப்பட்டது. சருகற்ற வெறுமண் தீக்கு உணவாவதில்லை. சுவரும் திண்ணையும் மண்ணாலாயின, அவை எரியா. இரண்டோர் ஆண்டுக்கொருமுறை கூரையைப் பிரித்து, பழைய ஓலையைத் தோட்டத்து மண்ணுக்கு உரமாகத் தாழ்த்துவிட்டுப் புதிதாக வேய்ந்தனர். வேய்ச்சலுக்கு அயலார் கூடினர். தீயைத் தடுக்கும் அறிவு இவ்வாறு நூலில் எழுதப்படாமல் வழக்கத்தில் வாழ்ந்தது. உழைக்கும் மக்கள் தம் அனுபவத்தால் ஆக்கிய விஞ்ஞானம் அது.

ஆனால் இவ்விஞ்ஞானத்துக்கு ஓர் எல்லை இருந்தது. மூன்று கட்டடங்களை இடைவெளிவிட்டுக் கட்டுவதற்கு வளவு வேண்டும். வளவு இல்லாதவன் என் செய்வான்? பிறர் காணியின் மூலையில் ஒரே குடிலை அமைத்து, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே உறங்குகிறவனுக்குத் தலைவாசல் ஏது, அடுக்களை ஏது? தீயைத் தடுக்கும் அறிவு அவனுக்கும் இருந்தது. அதனைச் செயற்படுத்தும் நிலம் இருக்கவில்லை.

புகையிலைச் செய்கையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். உடுவிலும் அயற்கிராமங்களும் செம்மண் பூமிகள். துலா மிதித்து, பட்டையால் நீரிறைத்து, எரு இட்டு விளைவித்த புகையிலையே இக்கிராமங்களுக்குப் பணத்தைக் கொண்டுவந்தது. மலையாளத்துக்கு அனுப்பிய புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையில் நெடுங்காலம் விலைபோயிற்று. அறுத்த இலையைக் குடிலில் தூக்கி, கீழே பொச்சை மூட்டிப் புகையூட்டிப் பதப்படுத்துவது வழக்கம். ஓலைக் கூரையின் கீழ், உலர்ந்துவரும் இலைக்கு அடியில் நெருப்பு வைப்பது எத்தகைய தொழில் என்பதை விளக்க வேண்டியதில்லை. நெருப்பு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. புகைய மட்டுமே வேண்டும். அதற்காக இரவிரவாகக் காவல் இருந்தவன் கூலியாள். இலை எரிந்தால் நட்டம் உடையவனுக்கு. உடல் எரிந்தால் நட்டம் கூலியாளுக்கு. இலாபம் மட்டும் ஒருவருக்கே உரியதாயிற்று.

ஓடு எப்போது வந்தது? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டையையும் தேவாலயங்களையும் கல்லாற் கட்டினர். ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயசு 1672இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்துத் தேவாலயங்களைக் குறிப்பிடும்போது உடுவிலும் இடம்பெறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில், 1816 முதல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் இங்கு வந்தபோது, கைவிடப்பட்ட அப்பழைய கட்டடங்கள் பலவற்றின் சுவர்களே எஞ்சியிருந்தன. அவற்றைத் திருத்தியும் வேய்ந்துமே அவர்கள் தம் பணியைத் தொடங்கினர். உடுவிலில் 1820இல் நிலையம் அமைந்தது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் முயற்சியால் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை உருவாயிற்று. பெண் எழுத்தறிந்தால் குடும்பம் கெடும் என்று எண்ணப்பட்ட காலத்தில் எழுந்த அப்பாடசாலை, இன்று உடுவில் மகளிர் கல்லூரியாக இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

கற்சுவரும் ஓடும் ஊருக்குள் புகுந்தமை வெறும் கட்டட மாற்றமன்று. பீலி ஓடும், பின்னர் கப்பலில் வந்திறங்கிய கள்ளிக்கோட்டை ஓடும் பணத்தின் அடையாளங்களாயின. புகையிலை வருவாய் உள்ளவர் ஓடு போட்டனர். ஆங்கிலம் கற்று மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு மீண்டவர் ஓடு போட்டனர். நாற்சார் வீடுகள் எழுந்தன. அவர்களுடைய வீட்டிலும் தீ பிடிக்கலாம். ஆனால் ஒரு பொறி பறந்து வந்து கூரையில் விழுந்ததனால் வீடே போய்விடும் என்ற அச்சம் அவர்களை விட்டு நீங்கிற்று. அந்த அச்சம் முழுவதும் ஓலைக் கூரைக்கு உரியவர்களின் பங்காயிற்று. ஓடு போடாதவன் அறிவில்லாதவன் அல்லன், காணியற்றவன். இன்னொருவர் காணியில் அவர் விருப்பம் உள்ளவரை குடியிருப்பவன் கல்வீடு கட்டுவது எவ்வாறு? நாளை எழும்பு என்றால் எழும்ப வேண்டியவனுக்குக் கிடுகே உகந்த கூரையாகிறது. எளிதில் எரியும் வீடு, எளிதில் அகற்றப்படக்கூடிய மனிதனின் வீடு.

இனிக் கிணற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கிய மழைநீரே எமது உயிர்நீர். அதனைத் தருவது கிணறு ஒன்றே. குடிப்பதற்கும் கிணறு, குளிப்பதற்கும் கிணறு, பயிருக்கும் கிணறு, தீ பிடித்தால் அணைப்பதற்கும் அதே கிணறு. இத்தகைய நாட்டில் கிணற்றை மறுப்பது தண்ணீரை மறுப்பது மட்டுமன்று. எரியும் வீட்டை எரியவிடுவதும் ஆகும்.

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு இதைத்தான் செய்தது. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் நூறாண்டுக்கு மேலாக, ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினர் எனப்பட்டோரின் கிணறுகளில் நீரள்ள உரிமையற்றிருந்தனர். கிணற்றடிக்கு அப்பால் நின்று, யாரேனும் மனமிரங்கி வார்க்கும் வரை காத்திருந்தனர். ஆலயத்துக்குள் நுழைய உரிமையில்லை. தேநீர்க் கடையிற் சமமாக இருக்க உரிமையில்லை. மேற்சட்டை அணிய, செருப்பணிய, குடைபிடிக்கக்கூடத் தடை இருந்தது. இவற்றை எமது அறிஞர்கள் பலர் எழுதியுள்ளனர். ஆனால் குடிசைக் கூரை தீப்பற்றிய இரவில் இத்தடையின் பொருள் என்ன என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். அருகில் நீர் நிறைந்த கிணறு. கையில் பட்டை. இடையில் சாதி. தீ சாதி பார்ப்பதில்லை என்று கூறுவது எளிது. தீயை அணைக்கும் தண்ணீர் சாதி பார்த்தது. ஓலைக் கூரையும் உரிமையற்ற கிணறும் ஒருவனுக்கே வாய்த்தமை தற்செயல் அன்று. எரியக்கூடிய வீட்டை அவனுக்கு விதித்த அதே ஒழுங்குதான், அணைக்கக்கூடிய நீரையும் அவனிடமிருந்து விலக்கி வைத்தது.

இவ்வொழுங்கை எதிர்த்தவர்களுக்கு எதிராகத் தீயே ஆயுதமாகவும் ஆயிற்று. 1929ஆம் ஆண்டளவில் அரசின் நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கையில் அமர வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தரையில் இருந்தனர், அல்லது பள்ளியின் வாசலையே காணாதிருந்தனர். சமாசனத்தை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆதரித்து நின்றது. ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் சாதியை எதிர்த்தே தேசியத்தைப் பேசினர். பழைமைவாதிகளின் விடை என்ன? மனுக்கள் எழுதினர், பிள்ளைகளை மறித்தனர், 1930ஐ ஒட்டிய மாதங்களில் சமாசனம் வழங்கிய பாடசாலைகள் பல தீக்கிரையாயின. அக்காலத்துக் கிராமப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓலைக் கொட்டகைகளே. ஒரு தீக்குச்சி போதுமானதாயிற்று. ஒரு வாங்கிலில் இரு பிள்ளைகள் அருகருகே அமர்வதைத் தாங்க மாட்டாத சமுதாயம், வாங்கில், பலகை, கூரை அனைத்தையும் எரிப்பதற்குத் தயங்கவில்லை.

இச்செய்தியை ஆசிரியர்களாகிய நாம் மாணவருக்குக் கற்பிப்பதில்லை. 1981இல் எமது நூலகத்தை எரித்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம்; பேசவே வேண்டும். ஆனால் அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன் எமது பாடசாலைகளை எரித்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர் என்பதை மறைத்துவிட்டுப் பேசுவது வரலாறு ஆகாது.

சட்டம் மெல்ல வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், பொதுவிடங்களில் தீண்டாமையைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் பழைய வழக்கமே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், உடுவிலுக்கு அண்மையிலுள்ள சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி, தீண்டாமையை எதிர்த்து ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தாக்கினர். ஊர்வலம் கலையாது நகரை அடைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தேநீர்க் கடைகளும் ஆலயங்களும் போராட்டக் களங்களாயின. அப்போராட்டத்தை நாம் சமத்துவத்துக்கான போராட்டம் என்கிறோம். அது உண்மையே. அத்தோடு, பொதுநீருக்கும் பொதுவாழ்வுக்குமான உரிமை கிடைக்காதவரை எந்தக் குடிசையும் தீயிலிருந்து பாதுகாக்கப்பட்டதாகாது என்ற பொருளில், அது தீத்தடுப்புக்கான போராட்டமும் ஆகும்.

கடலுக்கு அப்பாலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சைத் தரணியிலுள்ள கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்த விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசையினுள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடியாட்களுக்கு அஞ்சி அவர்கள் புகுந்த குடிசையே அவர்களுக்குச் சிதையாயிற்று. அங்கும் கூரை ஓலை, நிலம் பிறருடையது. மார்கழிக் குளிரில் நிகழ்ந்த அத்தீயை அடுப்பின் குற்றம் என்றோ விளக்கின் குற்றம் என்றோ எவரும் கூற இயலாது.

பின்னர் யாழ்ப்பாணம் முழுவதுமே ஓலைக் குடிசையின் நிலையை அடைந்தது. 1981 மே 31ஆம் நாள் இரவும் அதனையடுத்தும், பொலிசாரும் அவர்களோடு வந்தோரும் நகரில் நடத்திய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஈழநாடு பத்திரிகையின் அச்சகமும் எரிந்தது. 1933இல் க. மு. செல்லப்பா என்ற தனியொருவர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்துத் தொடக்கிய முயற்சி, மக்களின் நிதியால் வளர்ந்து, 1959இல் திறந்துவைக்கப்பட்ட வெண்ணிறக் கட்டடமாக நிமிர்ந்து நின்றது. அது ஓலையால் வேய்ந்த கட்டடமன்று. உறுதியாகக் கட்டப்பட்டது. கூரையின் உறுதி மட்டும் தீயைத் தடுக்கும் என்று நம்பியோருக்கு அந்நாள் ஒரு பாடம். காக்க வேண்டியவனே கொளுத்தும்போது ஓடும் காவாது, கல்லும் காவாது.

இவ்விடத்தில் நாம் ஒரு முடிவுக்கு வரலாம். தீ மூவகைப்படும். கவனக்குறைவினால் வருவது ஒன்று. வறுமையினால் வருவது மற்றொன்று. அநீதியினால் வருவது மூன்றாவது. முதலாவதைத் தடுக்க அறிவு வேண்டும். இரண்டாவதைத் தடுக்க நிலமும் வீடும் நீரும் வேண்டும். மூன்றாவதைத் தடுக்க நீதியும் மக்களின் ஒற்றுமையும் வேண்டும். எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரங்கள் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. மற்ற இரண்டையும் அவை பேசாமைக்குக் காரணம், அவற்றைப் பேசினால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் அடுப்படியில் நிற்கும் பெண் அல்லர் என்பதே.

ஆயினும் முதலாவதை நாம் இகழ்ந்துவிடலாகாது. மக்களின் அறிவு எத்துணை ஆற்றல் உடையது என்பதற்குப் போர்க்காலத்து விளக்கு ஒன்றே சான்று. 1990 முதல் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது வீடுதோறும் ஜாம் போத்தல் விளக்கு தோன்றிற்று. போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அப்பஞ்சு குடிக்கும் அளவுக்கே எண்ணெய், சிறு திரி, காற்றுக்குப் போத்தலின் சுவரே காப்பு. எண்ணெயைச் சிக்கனப்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால் அதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது. பஞ்சில் ஊறிய எண்ணெய், விளக்குச் சரிந்தாலும் குப்பி விளக்கின் எண்ணெயைப் போல் பாயையும் பாவாடையையும் நனைத்துக்கொண்டு ஓடாது. அவ்வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அவ்விளக்கைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்நூலிலும் இல்லை. ஊரே அதைக் கண்டுபிடித்தது.

தென்னிலங்கையில் இதே வினாவை ஒரு வைத்தியர் எழுப்பினார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குச் சரிந்து எரிகாயமுற்று வந்த ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டே, காயத்தை ஆற்றுவதைவிட விளக்கை மாற்றுவது நன்று என்று எண்ணினார். குட்டையாகவும் பாரமாகவும், உருளாதவாறு பக்கங்கள் தட்டையாகவும், திருகு மூடியோடும் அமைந்த கண்ணாடி விளக்கை உருவாக்கி, மலிந்த விலையில் பரப்பினார். 1998இல் அப்பணிக்குச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. ஏழையின் கவனக்குறைவு என்று எல்லோரும் கூறியதை, ஏழைக்குக் கிடைத்த விளக்கின் குறை என்று காட்டியதே அவருடைய பெருமை.

உலக வரலாறு முழுவதும் இவ்வுண்மையையே உரைக்கின்றது. இலண்டன் நகரில் 1212ஆம் ஆண்டுத் தீயின் பின்னர் புல்லாலும் நாணலாலும் கூரை வேய்தல் தடைசெய்யப்பட்டது. ஆனால் மரவீடுகளும் ஒடுங்கிய தெருக்களும் நீடித்தன. 1666 செப்டெம்பரில் ஒரு வெதுப்பகத்தில் தொடங்கிய தீ நான்கு நாட்களில் 13,000க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. அதன் பின்னரே செங்கல்லாலும் கல்லாலும் கட்ட வேண்டும் என்ற சட்டம் 1667இல் உறுதியாயிற்று. எடோவில் பெருந்தீயின் பின் தெருக்கள் அகலமாக்கப்பட்டன. தீ தாண்டாதவாறு வெட்டவெளிகள் விடப்பட்டன. நியூயோர்க் நகரில் 1911 மார்ச் 25ஆம் நாள், முக்கோணம் என்னும் பெயர் கொண்ட ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் பிறநாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். தப்பியோடும் கதவு பூட்டப்பட்டிருந்தது. வீதிகளில் திரண்ட தொழிலாளரின் சினமே அதன்பின் தொழிற்சாலைச் சட்டங்களாக உருப்பெற்றது. அதற்கு நூறாண்டுகளின் பின், 2012 நவம்பரில், டாக்காவை அடுத்த தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் எரிந்தனர். 2019 டிசம்பரில் தில்லியின் அனாஜ் மண்டியில், வேலைத்தளத்திலேயே படுத்துறங்கிய 43 தொழிலாளர் குளிர்கால விடியலில் மாண்டனர். சட்டங்கள் இருந்தன, அவற்றைப் பூட்டிய கதவுகளும் இருந்தன.

எம்மவரிடையேயும் அவ்வாறே. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபமொன்றின் ஓலைப்பந்தல் எரிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பாடசாலையொன்றில், மதிய உணவுச் சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரையிற் பற்றி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன் பின்னரே தமிழ்நாட்டுப் பாடசாலைகளின் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. ஜனவரியில் எரிந்த ஓலை ஜூலையில் எரியவிருந்த ஓலையைப் பற்றி எச்சரித்தது, கேட்பார் இல்லை.

2016 செப்டெம்பர் 16ஆம் நாள் இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் அழிந்தன. போரினால் எல்லாம் இழந்து, கடன்பட்டு மீண்டும் தொடங்கிய சிறுவணிகரின் முதல் அது. அன்று கிளிநொச்சியில் தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. அறுபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வர வேண்டியிருந்தது. கிணறு தூரத்தில் இருந்தவனின் பழைய கதையே இது. அன்று கிணற்றைத் தூரமாக்கியது சாதி. இன்று தூரமாக்குவது புறக்கணிப்பு.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கை முழுவதும் அடுப்படிகளில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தன. சமையலறைக்குள் செல்லவே பெண்கள் அஞ்சினர். அடுப்பைச் சரியாகப் பராமரிக்கவில்லை, குழாயை மாற்றவில்லை என்று முதலிற் குற்றம் வீட்டார் மேல் சுமத்தப்பட்டது. பின்னர், சிலிண்டரில் அடைக்கப்பட்ட வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே காரணம் என்று அரசு நியமித்த குழு கண்டது. கலவையைத் தீர்மானிப்பவர் ஒருவர். அதன் முன் நின்று சமைப்பவர் மற்றொருவர். புகையிலைக் குடிலின் கணக்கு இன்னும் மாறவில்லை.

எனவே எமது கடமை யாது? மாரி தொடங்குமுன் செய்யத்தக்கவை பல உள. விறகை அடுப்பிலிருந்து விலக்கி அடுக்குதல், விளக்கைப் பிள்ளையின் கைக்கும் பாயின் விளிம்புக்கும் எட்டாத இடத்தில் வைத்தல், எரிவாயுக் குழாயைச் சவர்க்கார நீரால் சோதித்தல், ஒரே மின்செருகியில் பல கருவிகளைத் தொடுக்காதிருத்தல், கடையின் பின்கதவைப் பொருள் அடுக்கி மறிக்காதிருத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு வகுப்பிலும் கற்பிக்க வேண்டும். ஆனால் இவற்றோடு நிறுத்திவிட்டால், பழைய துண்டுப்பிரசுரத்தையே கரும்பலகையில் எழுதியவர்களாவோம். மாணவரைத் தம் ஊரின் வரைபடத்தை வரையச் சொல்வோம். அதில் கிணறுகளைக் குறிக்கச் சொல்வோம். எக்கிணற்றில் எவரும் அள்ளலாம், எதில் இன்றும் தயக்கம் உண்டு என்று கேட்கச் சொல்வோம். காணியில்லாத குடும்பங்கள் எவை, தகரக் கொட்டிலில் எஞ்சியிருப்போர் யார், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத ஒழுங்கை எது என்று குறிக்கச் சொல்வோம். அவ்வரைபடத்தைப் பிரதேச சபையின் முன் வைப்போம். அதுவே தீத்தடுப்பின் முதற்பாடம். அதுவே வரலாற்றின் முதற்பாடமும் ஆகும்.

தீ விதியால் வருவதில்லை. அது வரும் பாதையை மனிதரே அமைக்கின்றனர்; மனிதரால் அதனை அடைக்கவும் முடியும். எல்லோர் தலைக்கு மேலும் எரியாத கூரை, எல்லோர் கைக்கும் எட்டும் கிணறு, எவருக்கும் பூட்டப்படாத கதவு: இம்மூன்றும் அமைந்த ஊரே தீயிலிருந்து காப்பாற்றப்பட்ட ஊராகும். அத்தகைய ஊரை எமக்கு எவரும் கொண்டுவந்து தரப்போவதில்லை. வேய்ச்சலுக்குக் கூடிய அயலாரைப் போல நாமே கூடி அதனை ஆக்க வேண்டும்.